கைதட்டிய வீடு

"அம்மா, தண்ணி."

மகள் நைட்டியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். தாய் திரும்பவில்லை. வீட்டோடு சேர்ந்த சலவைக்கடையில், தெருமுனைச் சின்ன ஓட்டலில் இருந்து வந்த மேசைவிரிப்பை இஸ்திரி மேசையில் விரித்து, பெட்டியை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழாமல் இல்லை. தண்ணீர்ப் பாத்திரமும் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் கேட்காத மாதிரி இருக்க வேண்டும் என்பது புருஷனின் உத்தரவு.

"அம்மா… தண்ணிம்மா…"

"இங்கிலீஷ்," என்றாள் அவள், பெட்டியைப் பார்த்தபடியே.

பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தது. "வாட்டர் ப்ளீஸ்."

உடனே வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷன் துணியைப் போட்டுவிட்டுக் கைதட்டினான். அவளும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கைதட்டினாள். மூலையில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்த, கடையில் வேலை பார்க்கிற அண்ணனும் தட்டினார். அவர் தட்டியது கொசு அடிக்கிற மாதிரி இருந்தது. அதன் பிறகுதான் பிள்ளைக்குத் தண்ணீர் கிடைத்தது.

தமிழில் கேட்டால் காது கேட்கக் கூடாது, இங்கிலீஷில் சொன்னால் வீடே கைதட்ட வேண்டும். இந்த இரண்டு சட்டமும் ஸ்போக்கன் சார் போட்டவை. மருந்துக்கடை மாடியில் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிறவருக்கு அந்தத் தெருவில் அதுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அங்கே போய், உதட்டைக் குவித்து மெழுகுவத்தியை அணைத்து, பல்லுக்கு நடுவில் பென்சிலைக் கடித்துக்கொண்டு வாக்கியம் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்குமுன் தாய் தகப்பனையும் உட்கார வைத்து இங்கிலீஷில் கேள்வி கேட்பார்களாம். பிள்ளைக்குப் பரீட்சையா, பெற்றவர்களுக்குப் பரீட்சையா என்று அவளுக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை.

வேன்காரனைச் சும்மா குறை சொல்லவும் முடியாது. அவன் பட்டது அப்படி. பெரிய ஓட்டல் ஒன்றின் துணியெல்லாம் இவர்கள் கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அங்கே புதிதாக வந்த மேனேஜர் திரைச்சீலை மூட்டையைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னார். இவன் "யெஸ் சார், ஓகே சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தான். இதை மட்டும் பிளீச்சில் போட்டுவிடாதே என்று அவர் சொல்லியிருக்கிறார். இவர்கள் போட்டார்கள். திரைச்சீலை முழுக்கத் திட்டுத் திட்டாக வெளுத்துப் போனது. ஓட்டல் வாசலில், அங்கே வேலை செய்கிறவர்கள் அத்தனை பேர் முன்னாலும், "உனக்கு இங்கிலீஷ் புரியாதா?" என்று மேனேஜர் இங்கிலீஷிலேயே கேட்டார். அதற்கும் இவன் "யெஸ் சார்" என்றான். மேனேஜரோடு சேர்ந்து அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் அவன் காதை விட்டுப் போகவில்லை.

அந்த வேலையும் போயிற்று. அன்று வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு அவன் சொன்னான்: "என் பொண்ணு எவன் முன்னாடியும் பொம்மை மாதிரி தலையாட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அந்தக் கோபம் நியாயமான கோபம். மேனேஜர் மேல் போயிருக்க வேண்டியது வழி தவறி வீட்டுக்குள் வந்துவிட்டது.

சட்டம் வந்த புதிதில் வேடிக்கையாகத்தான் இருந்தது. தேய்க்கிற அண்ணனைத்தான் முதலில் வாயடைத்தார்கள். பிள்ளைக்கும் அவருக்கும் அப்படி ஒரு சிநேகம். சட்டைக்குப் பித்தான் போடுவதிலிருந்து தெருநாய் குட்டி போட்டது வரை இரண்டும் உட்கார்ந்து பேசும். வாடிக்கைக்காரர்கள் பிள்ளைக்கு வாயாடி என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

"நான் பேசினா பாப்பாவுக்குத் தமிழ் ஒட்டிக்குமாம்," என்றார் அண்ணன், சட்டைக் காலரை அழுத்தியபடி. "இது என்ன சொறியா, சிரங்கா?"

"கொஞ்ச நாளைக்குத்தாண்ணே. இன்டர்வியூ முடியட்டும்."

"அதுக்குள்ள எனக்குப் பைத்தியம் புடிச்சிரும். நாள் முழுக்க இந்தச் சட்டைங்ககூடவா பேசறது? ஒண்ணாவது ம்ங்குதா?"

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை வந்தால் அதையும் இங்கிலீஷில்தான் போட வேண்டியிருந்தது. "இடியட்" என்பான் அவன். "யூ இடியட்" என்பாள் இவள். "ஷட் அப்" என்பான். "யூ ஷட் அப்." அதோடு இரண்டு பேர் கையிருப்பும் தீர்ந்துவிடும். பேச்சு வராமல் மூச்சு வாங்க ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "இப்பெல்லாம் உங்க வீட்ல சத்தமே இல்லையே, நல்லாயிட்டீங்க போலிருக்கு," என்றாள். நல்லாகவில்லை. திட்ட வேண்டியதையெல்லாம் அடக்கி வைத்து, துணி துவைக்கும் மிஷின் ஓடுகிற அறைக்குள் போய், அது கடகடவென்று சுற்றுகிற சத்தத்தில் வாய்விட்டுக் கொட்டிவிட்டு வருவாள் அவள். "உருப்படுவியா நீ, நாக்கை அறுத்துப் போட்டுட்டு நாகரிகம் பேசறியா" என்று அவள் போட்ட கூச்சலையெல்லாம் அந்த மிஷின் மட்டும்தான் கேட்டது.

பிள்ளைக்கு மிஷினும் இல்லை.

மழைக்காலம் தொடங்கியது. சலவைக்கடைக்காரர்களுக்கு மழை என்றால் வயிற்றைக் கலக்கும். கொடியில் போட்டது காயாது, காயாததை மடித்தால் நாறும், நாறினால் திரும்பி வரும். கடைக்குப் பின்னால் கயிறு கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, ஈரத்துணிக்கு நடுவில் குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டும். சுவரெல்லாம் வியர்த்து வழிந்தது. அந்த அவசரத்தில் பிள்ளை எப்போது வாயை மூடியது என்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்த ஒருவன் தகப்பன்தான். "பாத்தியா, எவ்வளவு அமைதியாயிட்டா. அதான் டிசிப்ளின்," என்றான் பெருமையாக.

ஒரு நாள் காலையில் பிள்ளை வந்து நின்றது. "அம்மா, காது…"

அவள் போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். "இங்கிலீஷ்."

"அம்மா, காதும்மா…"

"இங்கிலீஷ்னு சொன்னேன்ல?"

பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. ஸ்போக்கன் சார் உடம்பு உறுப்புகளைத் தொட்டுக்காட்டிச் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள் அதற்குத் தெரியும். இது என் மூக்கு, இது என் வாய், இது என் காது. வலிக்கு அவர் ஒன்றும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கையைக் கொண்டுபோய்க் காதின் மேல் வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தது.

"திஸ்… இஸ்… மை இயர்."

"அட!" என்றாள் அவள். போர்வையைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள். "என்னங்க, இங்க வாங்க! முழுசா சொல்றா!"

அவன் ஓடிவந்தான். "எங்கே, இன்னொரு தரம்?"

"திஸ் இஸ் மை இயர்," என்றது பிள்ளை, கையை எடுக்காமல்.

அவன் தூக்கிச் சுற்றினான். பிஸ்கட் கொடுத்தான். பிள்ளை பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

அன்றிலிருந்து அது ஓயாமல் அதையே சொன்னது. காலையில் எழுந்ததும் சொன்னது, சாப்பிடும்போது சொன்னது. துணி வாங்க வருகிறவர்கள் முன்னால் தகப்பன் நிறுத்தி வைத்து, "சொல்லு பாப்பா" என்பான். காதைப் பிடித்துக்கொண்டு சொல்லும். அவர்கள் கைதட்டுவார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், "என்ன ஆக்‌ஷன்! என்ன ஆக்‌ஷன்!" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

தேய்த்து அடுக்கிய தலையணை உறைகள் சூடாக இருக்கும்போது அந்த அடுக்கின் மேல் பிள்ளை ஒரு பக்கமாகக் காதை வைத்துப் படுத்துக்கொள்ளும். "துணி கசங்குது, எழுந்திரு," என்று அவளே இரண்டு தரம் எழுப்பிவிட்டாள். அண்ணனுக்குத்தான் என்னவோ உறுத்தியது. யாரும் பார்க்காதபோது குனிந்து, "கண்ணு, என்ன செய்யுது?" என்று கேட்டார். பிள்ளை சட்டென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டது.

அவர் வந்து சொன்னார். "தங்கச்சி, பிள்ளை நல்லா இல்ல."

"மழைக்குத் தூங்கிக்கிட்டிருக்காண்ணே."

"அது தூங்கற மூஞ்சி இல்ல."

"இன்டர்வியூ முடியட்டும்ணே," என்றாள் அவள். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதில்தான் இருந்தது.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் விடிந்தபோது பிள்ளையின் தலையணையில் மஞ்சளாகச் சீழ் ஒட்டியிருந்தது. உடம்பு இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது. அழக்கூட இல்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்த வீட்டில் அழுவதற்கும் இங்கிலீஷ் வேண்டும் என்று அது நினைத்துவிட்டது.

டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"செவிப்பறை கிழிஞ்சிருக்கு. ஆறிடும், பயப்படாதீங்க. ஆனா தண்ணி படவே கூடாது. சொட்டு மருந்து விடாம போடணும்." கருவியைக் கீழே வைத்தார். "ஆமா, இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க? இவ்வளவு சீழ் ஒரு ராத்திரில வராதே. உயிர் போற வலி வலிச்சிருக்குமே."

"எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியே மேடம்," என்றான் வேன்காரன்.

டாக்டரம்மா பிள்ளையின் பக்கம் குனிந்தார். "பாப்பா, எத்தனை நாளா வலிக்குது?"

பிள்ளை தகப்பன் முகத்தைப் பார்த்தது. பிறகு தாய் முகத்தைப் பார்த்தது. கையை மெல்லக் காதுக்குக் கொண்டுபோனது.

"திஸ் இஸ் மை இயர்."

"ஓ, இங்கிலீஷெல்லாம் பேசுவீங்களா? வெரி குட்!" என்று சிரித்தார் டாக்டரம்மா.

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா மேடம்," என்றாள்.

"என்ன சொன்னா?"

"வலிக்குதுன்னு. தினம் சொன்னா. காலையிலயும் சொன்னா, சாயந்திரமும் சொன்னா. நாங்கதான் கைதட்டினோம்."

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றுபோனது. வேன்காரன் எழுந்து வெளியே போய்விட்டான்.

வேனில் பின்பக்கம் துணி மூட்டைகளின் மேல் பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு அவள் முன்னால் ஏறிக்கொண்டாள். மழை கண்ணாடியில் அறைந்தது.

"நாளைக்கு இன்டர்வியூ," என்றான் அவன், ரோட்டைப் பார்த்தபடி. "காதுல பஞ்சு வச்சுக் கூட்டிட்டுப் போயிரலாமா?"

அவ்வளவுதான். மிஷினிடம் மட்டும் கொட்டிக்கொண்டிருந்ததெல்லாம் மடை உடைத்துக்கொண்டது.

"நீ மனுஷனாய்யா? பெத்த பிள்ளை காது கிழிஞ்சு கிடக்கு, பஞ்சு வைக்கிறானாம் பஞ்சு! அந்த மேனேஜர் உன்னைக் கேட்டான்னா அவன் சட்டையைப் பிடிச்சிருக்கணும். அங்க பல்லை இளிச்சுட்டு வந்து இங்க என் பிள்ளை வாயைத் தச்சுட்டியேடா பாவி!"

"நான் மட்டுமா தச்சேன்? நீயும்தான தண்ணி குடுக்காம நின்னே?"

"நின்னேன். நின்னேன்! எனக்கு மேல ஒரு பாவி எங்க இருக்கா? நீ சொன்னா எனக்குப் புத்தி எங்க போச்சு? அதுக்குத்தான் என்னையும் சேத்துத் திட்டிக்கிட்டிருக்கேன்."

"அவ நல்லா இருக்கணும்னுதான்டி செஞ்சேன்." அவன் குரல் உடைந்தது. "நான் நின்ன மாதிரி அவ நிக்கக் கூடாதுன்னு."

"அவளும் நின்னாளே! காதைப் புடிச்சுக்கிட்டு நம்ம முன்னாடி நின்னாளே! அந்த மேனேஜர் உன்னைப் பார்த்துச் சிரிச்சான். நாம அவளைப் பார்த்துச் சிரிச்சோம். என்ன பெரிய வித்தியாசம்?"

மருந்துக்கடை வந்ததும், "நிறுத்து," என்றாள்.

"மருந்து வாங்கணுமா?"

"மருந்து நீ வாங்கு. நான் மாடிக்குப் போறேன்."

மாடியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் வாயில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்கள். ஈரக் காலோடு உள்ளே வந்தவளைப் பார்த்ததும் ஸ்போக்கன் சார் கையை உயர்த்தினார்.

"இங்கிலீஷ் ப்ளீஸ், மேடம்."

"எனக்கு வர்றதுலதான் சார் கேப்பேன். உங்களுக்குக் காது கேக்கலன்னா பரவாயில்ல, இவங்களுக்குக் கேக்கட்டும்." நடந்ததை அவள் மூச்சு விடாமல் சொன்னாள். பென்சில்கள் ஒவ்வொன்றாக வாயிலிருந்து இறங்கின.

"இங்க பாருங்கம்மா," என்றார் சார், தமிழுக்கு வந்து. "நான் சொன்னது ஒரு மெத்தட். உடம்பு சரியில்லாதப்பவும் காதைப் பொத்திக்கோங்கன்னா சொன்னேன்? காமன் சென்ஸ் வேணாமா?"

"உடம்பு சரியில்லன்னு அவ எதுல சொல்லணும் சார்? அதை நீங்க சொல்லிக் குடுத்தீங்களா? மூக்கு, வாய், காதுன்னு கடை போட்டுக் காட்டினீங்க. வலிக்குதுன்னா என்னன்னு சொல்லிக் குடுத்தீங்களா?"

"அது அடுத்த லெவல்ல வரும்."

"அடுத்த லெவல்!" அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து முன்வரிசையில் இருந்தவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "சரி, ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கும் பிள்ளைங்க இருக்குதுங்கதான? உங்க வீட்ல எப்படி சார்? தமிழ்ல கேட்டா தண்ணி உண்டா, இல்லையா?"

ஸ்போக்கன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க வீட்ல… வீட்டுக்காரம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. அதனால சாதாரணமாத்தான்."

யாரோ பின்வரிசையில் 'சே' என்றார்கள். இன்னும் ஒரு சொல் பேசினால் மேசையைக் கவிழ்த்துவிடுவோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது. திரும்பினால், வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டபடி வேன்காரன் நின்றிருந்தான். கையில் மருந்துச் சீட்டும் சொட்டு மருந்தும். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

படி இறங்கும்போது, "நாளைக்குப் போகல," என்றான்.

"படிக்க வேணாம்னு நான் சொல்லல," என்றாள் அவள். "ஸ்கூலுக்குப் போகட்டும். இங்கிலீஷ் கத்துக்கட்டும், உன்னைப் பார்த்துச் சிரிச்சவனைவிட நல்லாவே கத்துக்கட்டும். ஆனா என் வீட்டுல எவ சோறு கேட்டாலும், எதுல கேட்டாலும், சோறு போடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை மடியில் கிடத்தினாள். அண்ணன் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, ஈரத்துணிகளை விலக்கி வழி செய்து, தலைக்கு வைக்க மெத்தென்று ஒரு துண்டு கொடுத்தார்.

"கண்ணு, இனிமே எப்படி வேணாலும் பேசலாம். அம்மா கேப்பேன். சரியா?"

பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

"பசிக்குதா? கஞ்சி வேணுமா, முட்டை வேணுமா?"

உதடு அசைந்தது. பிறகு பிள்ளை தகப்பனைப் பார்த்துவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டது. இதுவும் ஒரு பரீட்சை என்று நினைத்துவிட்டது.

"பேசு தங்கம்," என்றான் அவன். மண்டிபோட்டு உட்கார்ந்தான். "அப்பாகிட்ட பேசு. திட்டமாட்டேன்."

பிள்ளை "ப்ளீஸ்" என்றது. எதற்கு ப்ளீஸ் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இதோடு போய்விட்டதோ, இந்த வாயாடி இனி வாயே திறக்க மாட்டாளோ என்று முதன்முதலாக அவள் பயந்தாள். காது ஆறிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். இது ஆறுமா என்று யாரிடம் போய்க் கேட்பது?

மருந்து போட்டாக வேண்டும். தலையைச் சாய்த்துப் பிடித்தாள். முதல் சொட்டு உள்ளே விழுந்ததும் பிள்ளை துள்ளியது. இரண்டாவது சொட்டுக்கு அலறிக்கொண்டு அவள் கையைத் தட்டிவிட்டது. மருந்துக் குப்பி தரையில் உருண்டு ஓடியது.

"போ! நீ தொடாத! நீ கெட்ட அம்மா! நான் காதுன்னு சொன்னேன்ல? திரும்பத் திரும்பச் சொன்னேன்ல? நீ திரும்பவே இல்ல! அந்தக் கண்ணாடி ஆன்ட்டி கிள்ளுச்சு, எனக்கு இன்னும் வலிச்சுது! அப்பா என்னைத் தூக்கிச் சுத்துச்சு, காதுக்குள்ள டம்டம்னு அடிச்சுது! பிஸ்கட் எனக்கு வேணாம்! உங்க பிஸ்கட்டை நீங்களே தின்னுங்க!"

அண்ணன் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. அவளோ பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டினி கிடந்தவள் சோற்றைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"திட்டு கண்ணு. இன்னும் திட்டு."

பிள்ளை மூச்சு வாங்கியது. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, தாயின் முகத்தை நேராகப் பார்த்தது.

"நான் சொன்னப்போ நீ ஏன் சிரிச்சே?"

"உனக்கு இங்கிலீஷ் வந்துருச்சுன்னு… சந்தோஷத்துல சிரிச்சேன்டா."

"எனக்கு வலிச்சுதுல்ல. அப்போ உனக்கு சந்தோஷமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. புருஷன் அவளைப் பார்த்தான், அண்ணன் பார்த்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"ஆமா," என்றாள் அவள். "இருந்துச்சு."

பிள்ளை கையை ஓங்கி அவள் மார்பில் அடித்தது. இன்னொரு அடி அடித்தது. அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.